வேலி போட்ட தலைமையாசிரியர்

1950-களின் பிற்பாதி. தென் ஆப்பிரிக்காவுக்கு வடக்கே, காலகாரி மணற்பரப்பின் விளிம்பில் கான்யே என்ற ஊர். தலைமையாசிரியர் வேலையை விட்டு உழவுக்கு வந்த ஒருவர் தம் சோள வயலைச் சுற்றி வேலி அடைத்தார். மானாவாரிக்காரர் எவருக்கும் அதன் காரணம் சொல்லாமலே விளங்கும். மழை பெய்து சோளம் முளைவிட்டு முழங்கால் உயரம் வரும் நேரத்தில்தான் மாடுகள் வழிதவறி வரும். ஓர் இரவு போதும், ஓர் ஆண்டு உழைப்பு போய்விடும். ஆனால் அந்த மண்ணின் வழக்கத்தில் நிலம் குலத்தின் பொதுச்சொத்து, அதன் காவலர் குலத்தலைவர். பொதுநிலத்தில் வேலி போட்டது குற்றம் என்று கூறி, தலைவர் அந்த உழவரின் வயல்களைப் பறித்துக்கொண்டார்.

தலைவர் பங்வகெட்சே குலத்தின் இரண்டாம் பாதோன். உழவர் கெட்டுமிலே மசீரே. அந்த நாடு அன்று பெச்சுவானாலாந்து என்ற பிரிட்டிஷ் காப்பு நாடு, இன்று போட்ஸ்வானா.

சுமார் பத்தாண்டு கழித்து, 1968-இல், விடுதலை பெற்ற போட்ஸ்வானாவின் நாடாளுமன்றம் குல நிலச் சட்டத்தை நிறைவேற்றியது. நிலத்தை ஒதுக்கும் அதிகாரமும் திரும்பப் பெறும் அதிகாரமும் குலத்தலைவர்களிடமிருந்து நில வாரியங்களுக்கு மாறின. அப்போது நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர், வயலைப் பறிகொடுத்த அதே மசீரே.

போட்ஸ்வானாவின் வரலாறு பெரும்பாலும் இரண்டு செய்திகளால் சொல்லப்படுகிறது. ஒன்று வைரம். மற்றொன்று, வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததற்காக நாடுகடத்தப்பட்டுப் பின் முதல் குடியரசுத் தலைவரான செரெட்சே காமாவின் கதை. இரண்டும் மெய். ஆனாலும் வைரம் கிடைத்த நாடுகள் பல அந்த வைரத்தாலேயே சீரழிந்தன. இந்த நாடு ஏன் அப்படிப் போகவில்லை என்ற கேள்விக்கு விடையில் ஒரு பங்காவது கான்யேயின் வகுப்பறையிலும் சோளக்காட்டிலும் கிடக்கிறது என்பது என் துணிபு. 18 ஆண்டுகள் நாட்டை ஆண்ட மசீரேயைப் பற்றித் தமிழில் நாம் பேசியது மிகக் குறைவு. அதனால் இந்தக் கட்டுரை.

மசீரே 1925 ஜூலை 23 அன்று கான்யேயில் பிறந்தார். மாடு வளர்ப்பவர்களின் ஊர் அது. ட்ஸ்வானா மக்களின் வாழ்வு மூன்று இடங்களில் விரிந்து கிடக்கும். வீடும் உறவும் ஊரில். உழுநிலம் ஊரைவிட்டுத் தள்ளி. அதை 'மசீமோ' என்பார்கள். மாட்டுக்கிடை அதற்கும் அப்பால், அது 'மொராகா'. மழைக்காலத்தில் குடும்பம் வயலுக்குப் போய்விடும், பையன்கள் கிடையில் இருப்பார்கள், அறுவடை முடிந்தால் எல்லாரும் ஊருக்குத் திரும்புவார்கள். மாடு மேய்த்து வளர்ந்த பையன் ஒருவன் பள்ளிக்கூடம் போவதே அங்கே ஒரு தீர்மானம். மசீரேக்கு உதவித்தொகை கிடைத்தது. தென் ஆப்பிரிக்காவில் லண்டன் மிஷனரி சங்கம் நடத்திய டைகர் குளூஃப் பள்ளியில் சேர்ந்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். செரெட்சே காமாவும் படித்த பள்ளி அது. காப்பு நாட்டில் மேல்படிப்புக்கு வழியில்லாததால் எல்லைதாண்டிப் போனவர்களின் தலைமுறை இது. அந்த வழியும் விரைவில் அடைந்தது. 1953-இன் பாண்டு கல்விச் சட்டம் தென் ஆப்பிரிக்காவில் கறுப்பர்களின் பள்ளிகளை அரசின் பிடிக்குள் கொண்டுபோக, டைகர் குளூஃபும் அதில் அகப்பட்டது.

மசீரே அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். 1950-இல் கான்யேயில் இரண்டாம் செபாபிட்சோ உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கி அதன் தலைமையாசிரியரானார். பங்வகெட்சே பகுதியின் முதல் உயர்நிலைப் பள்ளி அதுதான். பள்ளிக்கு வைத்த பெயர் கவனிக்கத்தக்கது. செபாபிட்சோ, பாதோனின் தந்தை. 1916-இல் தம் சொந்தத் தம்பியின் கையால் கொல்லப்பட்டவர். குலத்தலைவரின் தந்தை பெயரால் எழுந்த பள்ளியில் குலத்தலைவரின் கை எவ்வளவு நீளும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளி நடப்பில் பாதோன் இடைவிடாது தலையிட்டார். மசீரே எதிர்த்து நின்றார், தனியாளாக அல்ல. பங்வகெட்சே ஆசிரியர் சங்கத்துக்கு மீண்டும் உயிரூட்டி, பள்ளிகள் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று அதன் வழியாகக் குரல் கொடுத்தார். அவர் வாழ்க்கை முழுவதும் தொடரும் பழக்கம் இங்கே தொடங்குகிறது. தமக்கு ஒரு தொல்லை வந்தால் அதை எல்லாருக்குமான விதியின் கேள்வியாக மாற்றிவிடுவார்.

பாதோனைக் கொடுங்கோலராக எழுதிவிட்டுப் போவது எளிது. அது நியாயமாகாது. 1928-இல் தலைமை ஏற்ற அவர் சோம்பிக் கிடந்தவரல்லர். இளைஞர் படையணிகளைக் கொண்டு அணைகள் கட்டினார். பஞ்சத்துக்குப் பொதுக் களஞ்சியம் வைத்தார். கல்வியில் ஆர்வம் உள்ளவர். ஆனால் படையணி உழைப்புக்குக் கூலி கிடையாது, வர மறுத்தால் தண்டனை உண்டு. எப்போது ஏர் பூட்டலாம் என்பதைக்கூடத் தலைவர் அறிவித்த பின்பே செய்ய வேண்டும் என்பது பழைய வழக்கம். மானிடவியலாளர் ஐசக் ஷாபேரா இந்தக் குலத்தலைவர்கள் பிறப்பித்த சட்டங்களைத் தொகுத்திருக்கிறார். வயல், மாடு, பீர், திருமணம் என்று வாழ்வின் எந்த மூலையையும் அவை விட்டுவைக்கவில்லை. பாதோனுக்கும் மசீரேக்கும் நடந்ததைப் பழமைக்கும் புதுமைக்கும் நடந்த சண்டை என்று நான் கருதவில்லை. ஊர் முன்னேற வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாருடைய சொல்லால் முன்னேறுவது என்பதில்தான் சண்டை.

ஐந்து ஆண்டு அளவில் பள்ளியை விட்டு மசீரே மண்ணுக்குத் திரும்பினார். 1957-இல் 'தேர்ந்த உழவர்' சான்றிதழ் பெற்றார். காப்பு நாட்டின் வேளாண்மைத் துறை அன்று நடத்திய பயிற்சியின் உச்சநிலை அது. அந்தப் பயிற்சியின் உட்பொருளைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் ஆசிரியரும் உழவரும் அங்கே ஒரே ஆளாகிறார்கள்.

போட்ஸ்வானாவின் தென்மேற்கில் ஆண்டுக்குச் சராசரி 250 மில்லிமீட்டர் மழை, வடகிழக்கில் 650. கான்யே இடைப்பட்டது. சராசரி என்பதே அங்கே ஏமாற்றும் சொல். ஓர் ஆண்டு கொட்டும், அடுத்த இரண்டு ஆண்டும் வானம் பார்த்துக் கிடக்க வேண்டும். பெய்யும் மழையும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் விட்டுவிட்டு வரும். வழக்கமான முறையில், மழை விழுந்ததும் சோள விதையைக் கையால் இறைத்து, அதன்மேல் ஓர் உழவு ஓட்டி மூடிவிடுவார்கள். விதை ஒரே ஆழத்தில் விழாது. ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் முளைக்கும். களை எடுக்க ஆள் நுழைய முடியாது, பயிருக்கும் களைக்கும் ஈரத்தில் போட்டி. பயிற்சி பெற்ற உழவர் வேறுவிதம் செய்வார். அறுவடை முடிந்ததும் குளிர்காலத்திலேயே நிலத்தை உழுதுபோட்டு வைப்பார், முதல் மழையின் நீர் மண்ணுக்குள் இறங்கும். கிடையிலிருந்து தொழுவுரம் கொண்டுவந்து சேர்ப்பார். வரிசையாக விதைப்பார், இரு வரிசைக்கு இடையே மாட்டைக் கட்டிக் களைக்கலப்பை ஓட்டுவார். மண்ணிலிருக்கும் சொற்ப ஈரம் பயிருக்கு மட்டும் போகும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கவனித்தல், அளத்தல், குறித்துவைத்தல், அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளுதல். வகுப்பறையில் அறிவியல் கற்பிக்கும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? மசீரேயின் விளைச்சல் சுற்றுவட்டாரத்தில் பேசப்பட்டது. வேலியும் அந்த முறையின் ஓர் அங்கம்தான். உரமும் உழைப்பும் போட்ட நிலத்தை அலையும் மாட்டுக்குத் திறந்துவைக்க முடியாது. வேலி வந்தது, வயல் போனது.

வயல் போன மனிதர் அடுத்துச் செய்தவை வரிசையாகப் பார்க்கத் தக்கவை. 1958-இல் 'ஆஃப்ரிகன் எக்கோ' என்ற செய்தித்தாளுக்குக் காப்பு நாட்டின் செய்தியாளரானார். புதிதாகச் சீரமைக்கப்பட்ட பங்வகெட்சே குல மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960-இன் அரசியல் சட்டப்படி காப்பு நாட்டுக்குச் சட்டமன்றம் ஒன்று அமைந்தபோது அதிலும் உறுப்பினரானார். பாதோனின் கையை மீறிய இடங்கள் இவை.

அந்தச் சட்டமன்றத்தின் அமைப்பே ஒரு பாடம். சில ஆயிரம் வெள்ளையர்களுக்குத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் 10 பேர். லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களுக்கும் 10 பேர், அதுவும் மக்கள் நேராக வாக்களித்து அல்ல; ஆப்பிரிக்கர் மன்றம் ஒன்று கூடித் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். ஆசியர்களுக்கு ஓர் இடம். மற்றவை அதிகாரிகளுக்கு. நாட்டின் நிர்வாகத் தலைநகரமோ நாட்டுக்குள்ளேயே இல்லை. மாஃபெகிங் என்ற தென் ஆப்பிரிக்க ஊரிலிருந்து ஆட்சி நடந்தது. கபரோனே என்ற தலைநகரம் 1964 முதல்தான் வெட்டவெளியில் எழுந்தது. சட்டமன்றம் கூடியது லோபாட்சே ஊரில். அங்கேதான் செரெட்சேயும் மசீரேயும் அருகருகே உட்கார்ந்தார்கள். ஒருவர் மிகப் பெரிய குலமான பங்வாட்டோவின் அரியணைக்குப் பிறந்தவர், மற்றவர் மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளை. 1962-இன் தொடக்கத்தில் போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி பிறந்தது. செரெட்சே தலைவர், மசீரே பொதுச் செயலாளர்.

கட்சிச் சின்னம் வண்டியைத் தூக்கும் ஜாக்கி. 'டெமாக்ரடிக்' என்ற சொல் கிராமத்து நாவில் 'டொம்கிராக்' என்று திரிந்தது. ஆப்பிரிகான்ஸ் மொழியில் அதற்கு ஜாக்கி என்று பொருள். மக்கள் வாயில் வந்ததையே கட்சி சின்னமாக ஏற்றுக்கொண்டது. இன்றும் அந்தக் கட்சியை ஊரில் 'டொம்கிராக்' என்பார்கள். மணற்பாதையில் வண்டி புதைவது அன்றாடம் நடக்கும் நாட்டில் ஜாக்கியின் அருமை எல்லாருக்கும் தெரியும். மசீரேக்கு மிக நன்றாகத் தெரியும். தேர்தலுக்கு முன் இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 3,000 மைல் காலகாரி மணலில் பயணம் செய்து கூட்டம் கூட்டமாகப் பேசியவர் அவர். கட்சிப் பத்திரிகை 'தெரிசான்யோ'வின் ஆசிரியரும் அவரே. 1965 மார்ச் முதல் தேதி நடந்த முதல் பொதுத்தேர்தலில் 31 இடங்களில் 28-ஐக் கட்சி வென்றது. 1966 செப்டம்பர் 30 அன்று நாடு விடுதலை பெற்றது.

விடுதலை நாளின் கணக்கு துயரமானது. தார்ச்சாலை 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் 22 பேர். பள்ளிப்படிப்பை முழுமையாக முடித்தவர்கள் 100 பேர். பல ஆண்டுத் தொடர் வறட்சியில் மாட்டு மந்தையில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயிருந்தது. அரசின் செலவில் பாதியைப் பிரிட்டன் கொடுத்தது. இந்தக் கணக்கேட்டைத்தான் நிதி அமைச்சராக மசீரே கையில் வாங்கினார்.

இனி, முதலில் சொன்ன சட்டத்துக்கு வருகிறேன். அது ஒரே வீச்சில் வரவில்லை. 1965-இல் மாவட்ட மன்றங்களை ஏற்படுத்தும் சட்டமும், குலத்தலைவரை அரசு ஏற்பதையும் நீக்குவதையும் வரையறுக்கும் சட்டமும் வந்தன. 1968-இல் உரியவர் தெரியாத அலைமாடுகள் பற்றிய சட்டம். நம் ஊர்ப் பவுண்டி போல, பிடிபட்ட மாடு இதுவரை தலைவருக்குச் சேர்ந்தது, இனி மாவட்ட மன்றத்துக்கு. தலைவர்களின் வருவாயில் அது பெரிய பங்கு. அதே ஆண்டு குல நிலச் சட்டம். 1970-இல் நில வாரியங்கள் இயங்கத் தொடங்கின. வாரியத்தில் தலைவருக்கும் ஓர் இடம் இருந்தது, ஆனால் பலரில் ஒருவராக. விண்ணப்பம், கூட்டம், பதிவேடு, முடிவு, மேல்முறையீடு. நிலத்தை யாருக்குக் கொடுத்தோம், ஏன் மறுத்தோம் என்பது எழுத்தில் வந்தது.

பழிவாங்கும் சட்டம் என்று சிலருக்கு இது படலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. பழிவாங்க நினைத்திருந்தால் துணைக் குடியரசுத் தலைவர் தம் வயலைத் திரும்ப வாங்கிக்கொண்டு பாதோனைப் பதவியிலிருந்து இறக்கியிருக்கலாம். செரெட்சேயின் சொந்தக் குலமும் இதே சட்டத்தின் கீழ் வந்தது. குலங்களின் நிலத்தடிக் கனிமங்களும் 1967-இன் கனிமச் சட்டத்தால் நாட்டின் உடைமையாயின. அதே ஆண்டு ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அது பங்வாட்டோ மண். கனிமம் குலத்துக்கே சொந்தம் என்ற பழைய நிலை நீடித்திருந்தால் குலத்துக்குக் குலம் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் பாதோனுக்கு இவை யாரைக் குறிவைத்து வந்ததாகத் தோன்றியிருக்கும்? 1969-இல் அவர் தலைமைப் பதவியைத் துறந்தார். கெனத் கோமா தொடங்கிய போட்ஸ்வானா தேசிய முன்னணியில் சேர்ந்தார். கான்யேயில் மசீரேயை எதிர்த்துப் போட்டியிட்டு வென்றார். நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர் சொந்த ஊரில், தம் வயலைப் பறித்த தலைவரிடம் வாக்கெடுப்பில் தோற்றார்.

அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்கு நான்கு சிறப்பு உறுப்பினர்களைச் சேர்க்க இடம் தந்தது. அந்த வழியாக மசீரே அவைக்குத் திரும்பிப் பதவியில் தொடர்ந்தார். மக்கள் வேண்டாம் என்றவரைப் பின்வாசலால் அழைத்தது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது, நியாயமான கேள்வி. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பத்தாண்டில் ஆப்பிரிக்காவில் எத்தனை நாடுகளில் ஆளுங்கட்சியின் இரண்டாம் இடத்துக்காரர் தேர்தலில் தோற்க முடிந்தது? தோற்ற பின் வென்றவர் சிறைக்குப் போகாமல் எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார முடிந்தது? பாதோன் தொடர்ந்து வென்று பல ஆண்டுகள் அந்த வரிசையில் இருந்தார்.

நிதி அமைச்சராக மசீரேயின் நடத்தையில் உழவரின் கை தெரிகிறது. வளர்ச்சித் திட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும், அதில் இல்லாத திட்டத்துக்கு மீண்டும் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் செலவழிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு நிலைபெற்றது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பற்றாக்குறை மானியம் தேவையில்லாமல் போனது. 1975-இல் டி பீர்ஸ் நிறுவனத்துடன் மீண்டும் பேசி, வைர வருவாயில் நாட்டின் பங்கைப் பெருமளவு உயர்த்தினார்கள். 1976-இல் சொந்த நாணயம். அதற்கு 'பூலா' என்று பெயர் வைத்தார்கள், மழை என்று பொருள். வைரப் பணத்தை வந்த ஆண்டே தீர்க்காமல் மிச்சப்படுத்தி வைத்தது, விதைச்சோளத்தைப் பசிக்கும் தொடாத வீட்டின் புத்தி. 1965 முதல் 1998 வரை தனிநபர் வருமானம் ஆண்டுக்குச் சராசரி 7.7 விழுக்காடு வளர்ந்தது. அந்தக் காலத்தில் உலகில் வேறெந்த நாடும் எட்டாத வேகம் அது.

அதே 1976-இல் நடந்த ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. நாட்டுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஆளுக்கொரு மாடு கேட்டது செரெட்சேயின் அரசு. மக்கள் கொடுத்தார்கள். மாடு கொடுத்தார்கள், தானியம் கொடுத்தார்கள், முட்டைகூடக் கொடுத்தார்கள். மாட்டை ஓட்டிவரும் மனிதரின் சிலை போட்ஸ்வானா பல்கலைக்கழக வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பல்கலைக்கழகம் முறையாகத் தொடங்கிய 1982-இல் நாட்டின் தலைவர், மாட்டுக்கிடையிலிருந்து பள்ளிக்கூடம் போன மசீரே. 1980 ஜூலையில் செரெட்சே மறைந்தபின் நாடாளுமன்றம் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. தொடக்கப்பள்ளிக் கட்டணம் 1980-இல் நீங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளிக் கட்டணமும் நீங்கியது.

பதவியேற்ற மறு ஆண்டே வானம் பொய்த்தது. 1981-82 தொடங்கி 1986-87 வரை ஆறு பருவம். சோளம் கருகியது, மாடுகள் செத்தன. எத்தியோப்பியாவில் 1984-இல் நடந்த பஞ்சத்தை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. போட்ஸ்வானாவில் பஞ்சச்சாவு நிகழவில்லை. அதனாலேயே அந்தச் செய்தி உலகுக்கு எட்டவில்லை.

செய்தது என்ன? பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சோறு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் மருத்துவ நிலையங்களில் உணவுப் பங்கீடு. எடை பார்த்துக் குறிக்கும் இடத்திலேயே உணவும் கிடைத்தது. உழவர்களுக்கு விதையும் உழவு மானியமும். கிராமத்தில் வேலை கேட்டவர்களுக்குச் சிற்றணை கட்டுவது, சாலை திருத்துவது, வயலில் கட்டை பிடுங்குவது என்று கூலி வேலை. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாதோன் காலத்துப் படையணியும் அணை கட்டியது, ஆனால் கூலியில்லாமல். மசீரே காலத்தில் அணைக்கு மண் சுமந்தவர் கையில் பணம் வந்தது, கடையில் சோளமாவும் இருந்தது. 1989-இல் வெளிவந்த தம் நூலில் பொருளியலாளர்கள் ஜான் திரேசும் அமர்த்தியா சென்னும் இந்த நிவாரணத்தை விரிவாக ஆராய்ந்து, மகாராஷ்டிரம் 1972-73 வறட்சியைச் சமாளித்த முறையோடு வைத்துப் பார்க்கிறார்கள். எதிர்க்கட்சியும் தேர்தலும் செய்தித்தாளும் இருக்கும் இடத்தில் அரசு பஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பது சென்னின் புகழ்பெற்ற வாதம். அதே 1989-இல் பசி ஒழிப்புப் பணிக்கான ஆப்பிரிக்கப் பரிசு மசீரேக்குக் கிடைத்தது.

இதோடு நிறுத்தினால் இது புகழுரையாகிவிடும். வேலி போட்ட அவர் வாழ்வில் வேலியாலேயே வந்த குறையும் உண்டு. 1975-இன் மேய்ச்சல் நிலக் கொள்கை பொதுநிலத்தின் ஒரு பகுதியைத் தனியார் வேலியடைத்த பண்ணைகளாகக் குத்தகைக்கு விட்டது. மேய்ச்சல் நிலம் சீரழிவதைத் தடுப்பது சொல்லப்பட்ட நோக்கம். பயன்பெற்றவர்கள் ஆழ்கிணறு தோண்ட வசதியுள்ள பெரிய மாட்டுக்காரர்கள். ஆளுங்கட்சியின் மேல்தட்டில் பலர் அந்த வகுப்பு, மசீரேயும் பெரிய மாட்டுப் பண்ணையாளர். காலி நிலம் என்று வரைபடத்தில் காட்டப்பட்ட இடத்தில் மக்கள் இருந்தார்கள். தம் பண்ணையில் புல் தீர்ந்ததும் பெரியவர்களின் மாடு மீண்டும் பொது மேய்ச்சலுக்கு வந்தது, ஏழையின் மாடு பண்ணைக்குள் போக முடியவில்லை. கான்யேயில் தனியொரு உழவன் தலைவரின் அதிகாரத்துக்கு எதிராகப் போட்ட வேலியும், அரசு பெரிய கைகளுக்குப் போட்டுக்கொடுத்த வேலியும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மற்ற எவரையும்விட மசீரே உணர்ந்திருக்க வேண்டும்.

காலகாரியின் பழங்குடிகளான சான் மக்களுக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. அவர்களுக்கும் வனவிலங்குகளுக்கும் என 1961-இல் ஒதுக்கிய மத்திய காலகாரிக் காப்பகத்திலிருந்து 1997-இல், மசீரே ஆட்சியிலேயே, முதல் பெரும் வெளியேற்றம் நடந்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் சான் மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலத்தைப் பறிகொடுத்தவரின் அரசு நிலத்தைப் பறித்தது என்பதை மென்மைப்படுத்திச் சொல்ல வழியில்லை. எய்ட்ஸ் நோய் 1990-களில் பரவியபோதும் அரசு விழித்துக்கொள்ளத் தாமதித்தது. அவர் விலகியபோது உலகிலேயே மிக மோசமாகத் தாக்கப்பட்ட நாடுகளில் ஒன்றாகப் போட்ஸ்வானா ஆகியிருந்தது.

நில வாரியங்களும் பழுதுபட்டன. தலைநகரை ஒட்டிய மொகோடிட்சானே ஊரில் நில ஒதுக்கீட்டில் முறைகேடு என்று புகார் எழ, 1991-இல் விசாரணைக் குழு அமர்த்தப்பட்டது. அறிக்கை துணைக் குடியரசுத் தலைவர் பீட்டர் முசியையே சுட்டியது. 1992-இல் அவர் பதவி விலகினார். 1994-இல் ஊழல் ஒழிப்புக்கெனத் தனி இயக்ககம் வந்தது. 1993-இல் குல நிலச் சட்டம் திருத்தப்பட்டு, 'குலத்தார்' என்று இருந்த இடத்தில் 'குடிமக்கள்' என்ற சொல் ஏறியது. எந்தக் குலத்தில் பிறந்தவரும் எந்தப் பகுதி வாரியத்திலும் நிலம் கேட்கலாம் என்றானது. எனக்கு இந்த ஒற்றைச் சொல் மாற்றம் பெரிய அணைகளைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

1997-இல் குடியரசுத் தலைவருக்கு இரண்டு பதவிக்காலம்தான் என்ற வரம்பும், 18 வயதில் வாக்குரிமையும், தனித்தியங்கும் தேர்தல் ஆணையமும் அரசியல் சட்டத்தில் ஏறின. 1998 மார்ச் 31 அன்று மசீரே தாமாகப் பதவி விலகினார். ருவாண்டா இனப்படுகொலையை ஆராய்ந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் குழுவுக்குத் தலைமை ஏற்றதும், காங்கோ அமைதிப் பேச்சுகளை நடத்தியதும் அதன் பிறகு. 2006-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு, மிகத் துணிவா மிக மடமையா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார். ஊரார் அவரைக் கடைசிவரை 'ரா காஓனே' என்றே அழைத்தார்கள். தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லி 'இன்னாரின் அப்பா' என்று அழைப்பது அந்த ஊர் மரியாதை. 2017 ஜூன் 22 அன்று, 91 வயதில் இறந்தார்.

பாதோனைப் பற்றிய கடைசிச் செய்தி ஒன்று மிச்சம் இருக்கிறது. 1980-களின் நடுவில் அவர் எதிர்க்கட்சி இருக்கையை விட்டு விலகினார். குல வழக்குகளைக் கேட்கும் வழக்காற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவராக அமர்த்தப்பட்டார். மக்களின் வயல், மாடு, வேலி பற்றிய சச்சரவுகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இருக்கை அது. அவர் அதில் அமர்ந்தபோது நாட்டின் குடியரசுத் தலைவர் மசீரே.